திகைக்கவைக்கும் படத்தை முழுமையாகப் பார்ப்பது எப்படி?

உலகின் தலைசிறந்த ஓவியங்களும் ஒளிப்படங்களும் இன்று பெரும்பாலோரிடம் கைபேசித் திரை வழியாகவே வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 7.8 மீட்டர் அகலமுள்ள பிக்காசோவின் 'குவெர்னிகா'வும், ஓர் ஏ4 தாளைவிடச் சற்றே பெரிதான சால்வதோர் டாலியின் 'நினைவின் நிலைபேறு' ஓவியமும் அத்திரையில் ஒரே அகலத்தில் தோன்றுகின்றன. பகல் முழுதும் ஒளி பதிந்து உருவான படமும், நொடியின் நானூற்றில் ஒரு பங்கில் பதிவான படமும் அடுத்தடுத்த விரலசைவில் நகர்ந்து போகின்றன. படம் நம்மைத் திகைக்கவைக்கிறது. ஆனால் அதில் எது திகைக்கவைத்தது என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

திரைக்கு வரும் வழியில் ஒரு படம் தன் அளவையும், விளிம்பையும், உருவாக எடுத்துக்கொண்ட காலத்தையும், சரியான நிறத்தையும் இழந்துவிடுகிறது. பல நேரங்களில் எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்ற விவரமும் சேர்ந்தே உதிர்ந்துவிடுகிறது. இந்த இழப்புகளை ஒவ்வொன்றாக மீட்டுப் பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்குக் கலை வரலாற்றுப் படிப்பு தேவையில்லை. ஓர் அளவுநாடாவும், இணையத் தொடர்பும், ஒரே படத்துக்காக அரை மணி நேரம் செலவிடும் பொறுமையும் போதும். உலகை உலுக்கிய ஐம்பது படங்கள் என்ற வகைத் தொகுப்புகளை ஒரே மூச்சில் பார்த்து முடிப்பதைவிட, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறையில் பார்ப்பது பல மடங்கு பயன் தரும் என்பது என் கருத்து.

தலைப்பைப் படிக்கும் முன்

முதலில் படத்தின் தலைப்பையும் படக்குறிப்பையும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு கடலோர நிலக்காட்சி இருக்கிறது. முன்னால் சிவப்புச் சட்டை அணிந்த உழவர் ஒருவர் ஏர் ஓட்டுகிறார். அவருக்குக் கீழே ஆட்டிடையர் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பச்சைக் கடலில் பாய்மரக் கப்பல் ஒன்று போகிறது. தலைப்பை அறியாமல் பார்ப்பவருக்கு இது அமைதியான ஒரு வேலை நாள். பிறகு தலைப்பைப் படிக்கிறோம்: 'இக்காரஸின் வீழ்ச்சியுடன் ஒரு நிலக்காட்சி'. மெழுகு இறக்கைகளுடன் சூரியனை நெருங்கிப் பறந்து விழுந்த கிரேக்கக் கதை இளைஞனைத் தேடும்போதுதான், கப்பலுக்குக் கீழே நீரில் அமிழ்ந்துகொண்டிருக்கும் இரண்டு கால்கள் கண்ணில் படுகின்றன. தலைப்பை முதலில் படித்தவர் நேரே அந்தக் கால்களைத் தேடிப் போவார். உழவரைப் பார்க்கவே மாட்டார். ஆனால் அந்த ஓவியத்தின் பொருள் முழுவதும் உழவர் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. (இது பீட்டர் புரூகல் தீட்டியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது, அவரது மூல ஓவியம் ஒன்றின் நகலாக இருக்கலாம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்.)

இந்த முதற்பார்வையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. கண் முதலில் எங்கே சென்றது, அடுத்து எங்கே நகர்ந்தது என்பது ஒன்று. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. படத்திலிருப்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாம் கேள்வி எளிதாகத் தோன்றினாலும், மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) போன்ற ஓவியத்தில் அதுவே திறவுகோலாகிறது. அதில் இளவரசியும், பணிப்பெண் ஒருத்தியும், தூரிகையுடன் நிற்கும் ஓவியரும் நம்மையே பார்க்கிறார்கள்; பின்சுவரில் உள்ள கண்ணாடியில் அரசரும் அரசியும் தெரிகிறார்கள். அப்படியானால் நாம் நிற்கும் இடத்தில்தான் அவர்கள் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றத் தொடங்கும்போது, ஓவியம் வேறொன்றாகிவிடுகிறது. விடைகளை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுத முயலும்போதுதான் எதைப் பார்க்கத் தவறினோம் என்பது தெரியவரும்.

அளவை அறைக்குள் கொண்டுவருதல்

ஓவியங்களின் அளவு அருங்காட்சியகப் பக்கங்களில் எப்போதும் குறிப்பிடப்பட்டிருக்கும். வழக்கமாக உயரம் முதலில், அகலம் அடுத்து. அந்த எண்ணைப் படித்துவிட்டுக் கடந்து போகாமல், அளவுநாடாவை எடுத்து வீட்டுச் சுவரில் நான்கு மூலைகளையும் குறித்துப் பாருங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தின் 'மோனா லிசா' 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பாப்லர் மரப்பலகை. அது ஒரு மனிதருக்கு எதிரே இன்னொரு மனிதர் அமர்ந்திருக்கும் அளவு. அதே அருங்காட்சியகத்தில் உள்ள ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' ஏறத்தாழ 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் உடையது. அதன் முன்புறத்தில் கிடக்கும் உடல்கள் பார்ப்பவரின் உடலைவிடப் பெரியவை. ஜப்பானியக் கலைஞர் ஹொக்குசாயின் மரக்கட்டை அச்சுப்படமான 'பேரலை' ஏறத்தாழ 25க்கு 37 சென்டிமீட்டர். சுவருக்காக அன்று, கையில் எடுத்துப் பார்ப்பதற்காக அச்சிடப்பட்டது.

திரையிலேயே சரியான அளவு உணர்வைப் பெறவும் ஓர் எளிய கணக்கு உண்டு. 77 சென்டிமீட்டர் உயர ஓவியத்தை 2 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதும், திரையில் 7.7 சென்டிமீட்டர் உயரத்தில் தோன்றும் அதன் படத்தை 20 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே கோணம்தான். இதே கணக்கைக் 'குவெர்னிகா'வுக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மீட்டர் தள்ளி நின்று அதைப் பார்க்கும் உணர்வைப் பெற, 15 சென்டிமீட்டர் அகலத் திரையை முகத்திலிருந்து பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான தொலைவில் பிடிக்க வேண்டும். அவ்வளவு அருகில் பெரும்பாலான கண்களுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. எனவே 'குவெர்னிகா'வைக் கைபேசியில் பார்த்தேன் என்று சொல்வது அதன் அமைப்பை அறிந்தேன் என்பதற்கு மேல் எதையும் குறிக்காது. 1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சுக்கு ஆளான, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா நகரத்துக்காக, அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்கில் ஒரு சுவரை அடைத்து நிற்கும்படி தீட்டப்பட்டது அது. தலையைத் திருப்பித் திருப்பித்தான் அதை முழுமையாகப் பார்க்க முடியும். ஒரே பார்வையில் அடங்காமல் இருப்பது அதன் இயல்பு.

மாறாக, கைபேசியே உதவும் ஓவியமும் ஒன்று உண்டு. லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் உள்ள ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533) ஓவியத்தில் இருவரின் காலடியில் சாய்வாக நீண்ட, புரியாத உருவம் ஒன்று கிடக்கிறது. படத்தின் வலப்புற விளிம்புக்கு அருகே கண்ணைக் கொண்டுசென்று, திரையை ஏறக்குறையத் தட்டையாகத் தெரியும்படி சாய்த்துப் பார்த்தால், அது ஒரு மண்டையோடாகத் திரள்கிறது. நின்று பார்க்கும் இடமும் ஓவியத்தின் ஒரு பகுதியே என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் படைப்பு அரிது.

விளிம்புக்கு அப்பால் இருந்தது என்ன

ஒளிப்படத்தைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பதைப் போலவே வெளியே விடப்பட்டதும் முக்கியம். ஆகவே படத்தின் நான்கு விளிம்புகளையும் விரலால் தடவிச் செல்வதுபோல ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதியில் வெட்டுப்பட்ட கை, காரணமின்றி விழும் நிழல், படத்துக்கு வெளியே யாரையோ நோக்கும் பார்வை ஆகியவை அங்கே இருந்தால், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, அதே நேரத்தில் அதே இடத்தில் எடுக்கப்பட்ட பிற படங்களைத் தேட வேண்டும். இந்த ஒரு பழக்கமே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுத்தரும்.

இதைப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது, டோரத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்'. நாம் அறிந்த படத்தில் தாயின் முகமும், தோளில் முகம் புதைத்துத் திரும்பியிருக்கும் இரண்டு குழந்தைகளும், மடியில் ஒரு கைக்குழந்தையும் மட்டுமே நிறைந்திருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் அதே சந்திப்பில் எடுக்கப்பட்ட மற்றப் படங்களும் கிடைக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், தொலைவில் ஒரு கூடாரமும் அதன் முன் பெரிய மகள் ஒருத்தியும் இருக்கும் காட்சியிலிருந்து தொடங்கி, படிப்படியாக நெருங்கி, கூடாரம் மறைந்து, மூத்த பிள்ளை விலகி, இறுதியில் முகமே படமாகிவிடுவது தெரியும். அந்த இறுதிப் படத்தின் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல், பின்னர் 1939இல் நெகட்டிவிலேயே மங்கலாக்கப்பட்டது. இன்றும் கூர்ந்து பார்த்தால் அதன் தடம் புலப்படும். அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978 வரை உலகுக்குத் தெரியாது. வறுமையின் முகமாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் அச்சான ஒருவருக்கு, படக்குறிப்பில் பெயர் இல்லாமலே இருந்திருக்கிறது.

விளிம்பை மாற்றுவது எப்போதும் ஏமாற்று ஆகிவிடாது. எடுத்த படத்தை வெட்டுவதைக் கடுமையாக எதிர்த்த ஆன்றி கார்டியே-ப்ரெஸ்ஸோன், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் புகழ்பெற்ற படத்தை (பாரிஸ், 1932) வேலிப் பலகைகளின் இடைவெளி வழியாக எடுத்ததால், இடப்பக்கத்தில் விழுந்த பலகையை வெட்ட வேண்டியதாயிற்று. 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த 'புவி உதயம்' படமும் நாம் பார்ப்பதுபோல எடுக்கப்பட்டதன்று. மூலத்தில் நிலவின் தரை வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. பூமி அதன் இடப்புறத்தில் இருக்கிறது. தரை கீழே இருக்க வேண்டும் என்ற நம் பழக்கத்துக்காகவே படம் திருப்பி அச்சிடப்பட்டது. ஒருமுறை கைபேசியைத் திருப்பி மூல நிலையில் பார்த்தால், உதயம் என்ற சொல் பொருந்தாமல் போய், வெறும் வெளியில் இரண்டு கோளங்கள் அருகருகே மிதப்பது தெரியும். எனக்கு அந்த நிலையே பிடித்திருக்கிறது.

ஓவியங்களும் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரெம்ப்ரான்டின் 'இரவுக் காவல்' (1642), 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, சுவரில் பொருந்துவதற்காக நான்கு பக்கமும் நறுக்கப்பட்டது. இடப்பக்கத்தில்தான் இழப்பு மிகுதி. வெட்டுவதற்கு முன் செய்யப்பட்ட சிறிய நகல் ஒன்று தப்பியிருந்ததால், 2021இல் அதை வைத்திருக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகம் விடுபட்ட பகுதிகளைக் கணினி உதவியுடன் மறுஉருவாக்கம் செய்து மூலத்தின் ஓரங்களில் பொருத்திக் காட்டியது. அதில் படைத் தலைவரும் துணைத் தலைவரும் நடுவில் இல்லை. வலப்புறம் தள்ளி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வெற்றிடம் கிடைத்ததும், நின்றுகொண்டிருந்த கூட்டம் நடக்கத் தொடங்கிவிடுகிறது.

விளிம்பே வினோதமாக இருக்கும் படமும் உண்டு. வாயுவும் தூசியும் திரண்ட விண்மேகத் தூண்களைக் காட்டும், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தின் ஒரு மூலை படிக்கட்டுபோலக் கறுப்பாக வெட்டுப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அப்போதைய கேமராவில் ஒளியைப் பதிக்கும் நான்கு உணரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது. அதன் பகுதியை மற்றவற்றோடு ஒத்துப்போகும்படி சுருக்கியபோது அந்த மூலை வெறுமையாயிற்று.

படம் உருவாக எடுத்துக்கொண்ட காலம்

ஒளிப்படம் ஒரு கணத்தைப் பிடிப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கணத்தின் நீளம் படத்துக்குப் படம் மாறுகிறது. அதைப் படத்திலிருந்தே ஊகிக்கலாம். நிசேஃபோர் நியெப்ஸ் 1826-27 வாக்கில் பிரான்சில் தன் வீட்டுச் சாளரத்திலிருந்து பதித்த, இன்று எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழைய கேமராப் படத்தில், முற்றத்தின் இரு பக்கக் கட்டடங்களிலும் வெயில் விழுகிறது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும்வரை தகடு திறந்திருந்ததே காரணம். குறைந்தது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு. 1838இல் டாகுவேர் எடுத்த பாரிஸ் சாலைப் படத்தில் தெரு ஆளற்றுக் கிடக்கிறது. அன்று வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்தார்கள். ஒளி பதியச் சில நிமிடங்கள் ஆனதால், அசைந்த அனைவரும் மறைந்துவிட்டார்கள். மூலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிவானார்.

இதே கண்ணோட்டத்தை இன்றைய படங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். அருவி பட்டுத்துணிபோல வழுவழுப்பாகத் தெரிந்தால் ஒளி பதியக் குறைந்தது அரை நொடியாவது ஆகியிருக்கும். துளித்துளியாக உறைந்து தெரிந்தால் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரம். நட்சத்திரங்கள் வளைகோடுகளாக நீண்டிருந்தால் பல நிமிடங்கள் அல்லது மணிக்கணக்கு. அந்தப் படத்தில் ஒரு மனிதர் கூர்மையாக நின்றால், அவரை எப்படிப் பதித்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேர்மையான விடை இருக்கும். இருட்டில் ஒருமுறை மின்னிய ஃபிளாஷ் ஒளியாகவும் இருக்கலாம்.

கட்டடத்துக்குப் பின்னால் பிரம்மாண்டமான நிலவு எழும் படங்கள் எல்லாக் காலத்திலும் பரவுகின்றன. இவற்றைச் சோதிக்க எளிய வடிவியல் போதும். வானில் நிலவின் அகலம் ஏறத்தாழ அரை பாகைக் கோணம். ஒரு பொருள் நிலவின் அளவாகத் தெரிய வேண்டுமானால், அந்தப் பொருளின் உயரத்தைப்போல் சுமார் 115 மடங்கு தொலைவிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். 20 மீட்டர் கோபுரமும் நிலவும் ஒரே உயரத்தில் தெரிந்தால், எடுத்தவர் 2.3 கிலோமீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸால் எடுத்திருக்கிறார். அத்தகைய படம் முற்றிலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே படத்தின் முன்புறத்தில் கைக்கெட்டும் தொலைவில் பூக்களும் புல்லும் கூர்மையாகத் தெரிந்தால், இரண்டு படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். பிறை நிலவின் ஒளிரும் பக்கம் சூரியன் இருக்கும் திசையையே நோக்க வேண்டும். பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரியக்கூடாது. வானவில்லுக்கும் இதுபோல ஒரு விதி உண்டு: அதன் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே அமைவதால், வானவில் தெரியும் படத்தில் மரங்களின் நிழல்கள் அந்த வில்லின் மையத்தை நோக்கியே விழ வேண்டும்.

ஓவியங்களின் காலத்தைத் தூரிகைத் தடங்களில் படிக்கலாம். சிகாகோ கலைக் கழகத்திலுள்ள சூராவின் 'லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை' 1884 முதல் 1886 வரை புள்ளிபுள்ளியாக உருவானது. வான் கோவின் தடித்த தீற்றல்களோ ஈரம் காயும் முன்பே ஒன்றன்மேல் ஒன்று இழுக்கப்பட்டவை. இவற்றைத் திரையில் காண, அருங்காட்சியகங்களே வெளியிடும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். 2022இல் வெளியான 'இரவுக் காவல்' படம் 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி புள்ளிகள் அளவுடையது. வண்ணத்தில் விழுந்த மயிரிழை வெடிப்புகள்கூட அதில் தெரிகின்றன. முழு ஓவியத்திலிருந்து தொடங்கி ஒரு கண்ணிமை வரை மெதுவாக நெருங்கி, மீண்டும் பின்வாங்குவது நல்ல பயிற்சி.

நிறத்தை எவ்வளவு நம்பலாம்

சுருங்கச் சொன்னால், குறைவாகவே நம்ப வேண்டும். ஒரே ஓவியத்தை இணையத்தில் தேடினால் பத்து விதமான நிறங்களில் கிடைக்கும். அவற்றுள் அந்த ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் படத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும், காலம் நிறத்தை மாற்றியிருக்கக்கூடும். வெர்மேரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' ஓவியத்தின் கறுத்த பின்புலம் முதலில் பச்சைத் திரைச்சீலையாக இருந்தது என்று மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு 2020இல் அறிவித்தது. வான் கோவின் படுக்கையறை ஓவியத்தில் சுவர்கள் ஊதா நிறத்தில் தீட்டப்பட்டன; கலவையிலிருந்த சிவப்பு வெளுத்ததால் இன்று நீலமாகத் தெரிகின்றன. சீனாவின் சீயான் அருகே 1974இல் கண்டெடுக்கப்பட்ட சுடுமண் படைவீரர்களும், நாம் வெண்பளிங்கு என்று வியக்கும் பழங்கிரேக்கச் சிலைகளும் ஒருகாலத்தில் பளிச்சென்ற வண்ணம் பூசியவை.

கறுப்பு வெள்ளைப் படத்திலும் நிறத்துக்கு இணையான ஒரு முடிவு இருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த 'நிலவு உதயம், எர்னாண்டெஸ்' படத்தின் வானம், இருட்டறையில் கூடுதல் ஒளி காட்டிக் கறுக்கவைக்கப்பட்டது. நெகட்டிவை நேரடியாக அச்சிட்டால் வானம் வெளிறி, மேகங்கள் சிதறித் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் செய்த பிரிண்டுகளில் வானம் மேலும் கறுத்தது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இசைக்குறிப்பைப் பாடகர் பாடுவதுபோல நெகட்டிவை அவர் வாசித்திருக்கிறார். சுவையான செய்தி வேறொன்றும் உண்டு: படம் எடுத்த நாளை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை, நிலவின் இடத்தையும் நிழல்களையும் வைத்து, அது 1941 நவம்பர் 1 மாலை என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது.

விண்வெளிப் படங்களில் நிறம் ஒரு குறியீடு. 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதே இடத்தை அகச்சிவப்பில் எடுத்தபோது தூசி ஊடுருவித் தெரிந்து, முன்பு காணாத விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. 2019 ஏப்ரலில் வெளியான முதல் கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு வளையம் ரேடியோ அலைகளின் வலிமைக்குக் கொடுத்த நிறமே. இத்தகைய படத்தைப் பார்க்கும்போது, நேரில் போனால் இப்படித் தெரியுமா என்று கேட்பதைவிட, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. நாசாவின் படக்குறிப்புகளில் அதற்கான விடை இருக்கும்.

யார், எங்கே, எப்போது

இனி மூலத்தைத் தேட வேண்டும். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடல் கருவிகளில் படத்தை ஏற்றுங்கள். டின்ஐ கருவியில் முடிவுகளைப் பழமை வரிசைப்படி அடுக்கலாம். நேற்று நடந்ததாகப் பரவும் படம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது சில நொடிகளில் வெளிப்பட்டுவிடும். அடுத்து, அளவில் மிகப் பெரிய, விளிம்புகள் வெட்டப்படாத பதிப்பைத் தேடுங்கள். இறுதியாக, செய்தி முகமை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், எடுத்தவரின் சொந்தத் தளம் ஆகியவற்றுள் ஒன்றையாவது எட்டும்வரை நிறுத்த வேண்டாம். இடையில் வரும் பகிர்வுத் தளங்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. பத்து இடங்களில் ஒரே தகவல் இருப்பதால் அது உறுதியாகிவிடாது.

மூலத்தை எட்டியதும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: படம் மாற்றப்பட்டதா, காட்சி ஏற்பாடு செய்யப்பட்டதா? இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீண் விவாதங்கள் எழுகின்றன. 1932 செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையக் கட்டுமானத்தில், இரும்பு உத்தரத்தில் அமர்ந்து மதிய உணவு உண்ணும் பதினொரு தொழிலாளர்களின் படம் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் தொழிலாளர்களும் உயரமும் உண்மை. எடுத்தவர் யார் என்பது இன்றும் தீராத கேள்வி. 1945 மே மாதம் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றும் எவ்கேனி கால்தேயின் படம், ஏற்பாடு செய்யப்பட்டதுடன் மாற்றவும் பட்டது: வீரர் ஒருவரின் கையிலிருந்த இரண்டாவது கடிகாரம் கொள்ளையடித்ததாகத் தோன்றும் என்பதால் நீக்கப்பட்டு, பின்னணியில் புகை சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் ஜோ ரோசென்தால் எடுத்த கொடியேற்றப் படமோ ஏற்பாடன்று. அருகிலேயே எடுக்கப்பட்ட அசைபடம் அதற்குச் சான்று. ஆனால் அது அன்று ஏற்றப்பட்ட இரண்டாவது கொடி. அதிலுள்ள ஆறு பேர் யார் யார் என்பதை அமெரிக்க மரைன் படை 2016இலும் 2019இலும் திருத்தி வெளியிட்டது. படம் அப்படியே இருக்க, படக்குறிப்பு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறக்கூடும்.

நம்பகமான இதழ்களும் தவறியிருக்கின்றன. நேஷனல் ஜியாகரபிக் 1982 பிப்ரவரி அட்டைப்படத்தில், செங்குத்து வடிவ அட்டையில் அடக்குவதற்காகக் கிசா பிரமிடுகள் கணினி வழியாக நெருக்கமாக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்கள் இந்தச் சிக்கலை இன்னொரு நிலைக்குக் கொண்டுசென்றுவிட்டன. 2023இல் போரிஸ் எல்டாக்சன் என்ற கலைஞர், சோனி உலக ஒளிப்பட விருதுப் போட்டியில் தம் படம் தேர்வான பிறகு, அது செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று கூறி விருதை மறுத்தார். போட்டிகள் இதற்கு ஆயத்தமாக இருக்கின்றனவா என்று சோதிக்கவே அனுப்பியதாகவும் விளக்கினார். விரல்களை எண்ணிப் பார், காதணிகள் பொருந்துகின்றனவா என்று பார் என்றெல்லாம் சொல்லப்படும் சோதனைகள் ஒவ்வோர் ஆண்டும் பயனிழந்து வருகின்றன. ஆகவே கண்ணைவிட மூலத்தேடலையே நம்ப வேண்டும் என்பேன்: எடுத்தவர் பெயரும், இடமும், நாளும், அதே நிகழ்வின் வேறு கோணப் படமும் கிடைக்காத ஒரு படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சான்றாகக் கொள்ளாமல் இருப்பதே சரி.

சேமித்து வைத்தல்

இவ்வளவு தேடிய பிறகு படத்தை மட்டும் சேமித்துவைத்தால் விவரங்கள் மீண்டும் தொலைந்துவிடும். கோப்பின் பெயரிலேயே படைத்தவர், ஆண்டு, இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பயன்படுத்தும் உரிமையையும் பார்த்துவிடுவது நல்லது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றி வழங்குகிறது. ரைக்ஸ் அருங்காட்சியகமும் அவ்வாறே. நாசாவின் படங்கள் பெரும்பாலும் காப்புரிமை அற்றவை. வாழும் ஒளிப்படக் கலைஞர்களின் படங்களைப் பகிர்வதற்கு அவர்களின் அனுமதி வேண்டும். பெயரைக் குறிப்பிடுவது மட்டும் அனுமதிக்கு ஈடாகாது.

அருங்காட்சியகப் பக்கத்தில் காணும் பதிவேட்டு எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அச்சுப் படைப்புகளுக்கு. 'பேரலை'க்கு மூலப் படி என்று தனியே ஒன்று கிடையாது. செதுக்கிய மரக்கட்டைகளிலிருந்து எடுத்த படிகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முந்தைய படியில் கோடுகள் கூர்மையாகவும், கட்டை தேய்ந்த பின் எடுத்த படியில் உடைந்தும் இருக்கும். வானத்தின் நிறமும் படிக்குப் படி மாறும். எந்தப் படியைப் பார்த்தோம் என்பதை அந்த எண்தான் சொல்லும். தாளில் அச்சான படைப்புகள் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால், அருங்காட்சியகங்கள் அவற்றைச் சில மாதங்கள் காட்டிவிட்டுப் பல ஆண்டுகள் இருட்டில் வைத்துவிடுகின்றன. நேரில் பார்க்கப் புறப்படுவதாக இருந்தால், அந்த எண்ணை அருங்காட்சியகத்தின் தளத்தில் இட்டு, படைப்பு அப்போது காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள்.